மைலேஜ் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2009-ஆம் ஆண்டு வாங்கிய 1,100 சிசி பெட்ரோல் கார் உள்ளது. இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பல ஆண்டுகளாக லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்து வந்த வண்டி, கடந்த ஒன்றரை ஆண்டாக 11-ஐத் தாண்டுவதில்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிட்டேன். இன்ஜெக்டரையும் சுத்தம் செய்தாயிற்று. 9,000 ரூபாய்க்கு மேல் செலவாகியும் பலன் இல்லை. இப்போது ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மற்றபடி வண்டியில் குறை எதுவும் இல்லை. முன்பு கோடையில் இன்ஜின் சூடாகி ஒரு முறை நின்றுவிட்டதால் ரேடியேட்டர் வேலை பார்த்தோம். அதன் பிறகு வெப்பம் காட்டும் முள் கால் பாகத்துக்கு மேல் ஏறியதே இல்லை என்பதால் அந்தக் கவலை தீர்ந்தது. அதே சமயத்தில் பழைய 155/70 ஆர்13 டயர்களை எடுத்துவிட்டு, 14 அங்குல அலாய் வீலும் 175/65 டயரும் போட்டேன். சென்சாரை மாற்றலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கடைசி இரண்டு செய்திகளில் இருக்கிறது.

முதலில் டயரைப் பார்ப்போம். 155/70 ஆர்13 டயரின் விட்டம் ஏறத்தாழ 547 மில்லிமீட்டர். 175/65 ஆர்14 டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். சக்கரம் பெரிதாகிவிட்டதால், அது ஒரு சுற்று சுற்றும்போது வண்டி முன்பைவிடக் கூடுதல் தூரம் நகர்கிறது. ஆனால் கிலோமீட்டர் காட்டும் கருவி சுற்றுகளைத்தான் எண்ணுகிறது; பழைய டயரின் கணக்கிலேயே தூரத்தைச் சொல்கிறது. நீங்கள் 100 கிலோமீட்டர் போனால் அது 94 என்று காட்டும். ஆகவே நீங்கள் சொல்லும் 11 என்பது உண்மையில் 11.7. பெட்ரோல் எதுவும் கூடுதலாகச் செலவாகாமலேயே ஆறு சதவீத மைலேஜ் காகிதத்தில் காணாமல் போயிருக்கிறது. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: வேகமானி 80 காட்டும்போது நீங்கள் முன்பைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது எரிபொருள். 2022 ஜூன் மாதத்தில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு சராசரியாக 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, 2025-இல் பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது அதுவே என்றாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. எனவே கலப்பு கூடக் கூட, அதே தூரம் போவதற்கு அதிக லிட்டர் தேவைப்படுவது இயற்கை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. இந்த இழப்பை எந்தப் பட்டறையாலும் மீட்டுத் தர முடியாது. ஆனால் இதைக் கணக்கில் சேர்க்காமல் வண்டியைக் குறை சொல்வதும் சரியல்ல.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். எத்தனாலால் 16 என்பது 15 ஆகிறது. டயர் கணக்கால் 15 என்பது 14 ஆகத் தெரிகிறது. ஆக, உண்மையான கோளாறு என்பது 14-க்கும் 11-க்கும் இடையே உள்ள மூன்று கிலோமீட்டர்தான். அதுவும் சிறிய இழப்பல்ல, ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் தேட வேண்டிய பொருளின் அளவு இன்னதென்று தெரிந்த பிறகு தேடுவதற்கும், தெரியாமல் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

அந்த மூன்று கிலோமீட்டரைத் தின்பது, உங்களுக்கு நிம்மதி தந்த அந்த முள்தான் என்பது என் வலுவான சந்தேகம். ரேடியேட்டர் வேலை பார்த்தபோது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார்கள். நம் ஊரில் ஒரு வண்டி சூடானால் முதலில் பலியாவது இந்த வால்வுதான். “நம்ம வெயிலுக்கு இது தேவையில்லை” என்று சொல்லியே கழற்றுவார்கள். இந்தப் பழக்கத்தால் பாழான இன்ஜின்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது, ஏனென்றால் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு பாகத்தைப் பற்றிய தவறான புரிதலே இதற்கெல்லாம் காரணம்.

அந்த வால்வின் வேலை, குளிர்ந்த நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இன்ஜினில் சுற்றும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) சுமார் 82 டிகிரி செல்சியஸை எட்டும் வரை (சில வண்டிகளில் 88) அதை ரேடியேட்டர் பக்கம் போக விடாமல் தடுத்து, இன்ஜின் தனக்கு உரிய வெப்பத்தை விரைவில் அடையச் செய்வதும், பிறகு அந்த வெப்பத்திலேயே நிறுத்தி வைப்பதும் அதன் பொறுப்பு. தஞ்சாவூரின் 38 டிகிரி வெயில் நமக்குத்தான் கொடுமை. 85 டிகிரியில் வேலை செய்யப் பிறந்த இன்ஜினுக்கு அது குளிர். வால்வு இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டரில் சுற்றிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ள, இன்ஜின் முழுச் சூட்டை எட்டாமலேயே பயணம் முடிந்துவிடும். இன்ஜினின் கணினியோ (பட்டறையில் ஈசிஎம் என்பார்கள்) கூலன்ட் சென்சார் சொல்வதை நம்பி, வண்டி இப்போதுதான் கிளம்பியிருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குவதால், மைலேஜோடு சேர்ந்து பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேய்கின்றன. இன்ஜின் ஆயிலும் விரைவில் கெடுகிறது.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். காலையில், இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயை, ஃபேனுக்கு எட்டாத இடத்தில், அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வால்வு சரியாக இருந்தால் அந்தக் குழாய் பல நிமிடங்கள் ஏறக்குறைய குளிர்ந்தே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டு வந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது. உங்கள் வண்டிக்குரிய கணினிச் சோதனைக் கருவி உள்ள பட்டறைக்குப் போனால் இன்னும் எளிது: 20 நிமிடம் ஓட்டிய பிறகும் கூலன்ட் வெப்பம் 70 டிகிரிக்குக் கீழே நின்றால் வேறு சாட்சி தேவையில்லை. புதிய வண்டிகளாக இருந்தால் இதற்கென்றே உள்ள பி0128 என்ற பிழைக்குறி பதிவாகி விளக்கு எரிய வாய்ப்புண்டு. உங்களுடையதைப் போன்ற பழைய வண்டிகள் பெரும்பாலும் எதுவும் சொல்லாமல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

புதிய வால்வை வாங்கியதும் மாட்டிவிடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வால்வை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே திறக்கும் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன் அது வாய் திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். அதோடு, ரேடியேட்டர் ஃபேனை “டைரக்ட்” கொடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சாவியைத் திருப்பியதுமே ஃபேன் சுற்றத் தொடங்கினால் அதுவும் அதே அச்சத்தின் விளைவு. சுவிட்சைப் பழையபடி இணைக்கச் சொல்லுங்கள். வால்வை மாட்டிய பிறகு வண்டி மீண்டும் சூடானால், அன்று சூடானதற்கு உண்மையான காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், பிடிப்பு இழந்த மூடி, வேலை செய்யாத ஃபேன் சுவிட்ச், கெட்ட கேஸ்கெட் ஆகியவற்றில் ஒன்று. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் வைத்தியம்.

வால்வு நல்ல நிலையில் இருந்து முள் மட்டும் கீழே நிற்கிறது என்றால், கூலன்ட் சென்சாரைச் சோதியுங்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைய வேண்டும். அறை வெப்பத்தில் இரண்டு, மூன்று கிலோ ஓம் என்ற அளவிலும் 80 டிகிரியில் சில நூறு ஓம் என்ற அளவிலும் இருப்பது வழக்கம். பல வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சாரும் கணினிக்கு வேறொன்றும் இருக்கும் என்பதால் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஆக்சிஜன் சென்சார். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் அது தேயும் பாகம்தான். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் அது தன் நிலையைத் தானே சொல்லக்கூடிய பாகம். இன்ஜின் சூடான பிறகு அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் சோம்பிக் கிடந்தால் மாற்றலாம். அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாமல் மாற்றச் சொல்பவரிடம், காட்டிவிட்டு மாற்றச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாகாத நிலையில் எடுத்த அளவை வைத்து அதைப் பழிசொல்லவும் கூடாது.

நீங்கள் ஏற்கெனவே செலவழித்ததில் ஏர் ஃபில்டர் பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட சோதனையில், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களின் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தார்கள். வேகம் எடுக்கும் திறன் குறைந்தது. மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலையும் கணினி குறைத்துவிடுவதே காரணம். ஃபில்டரை மாற்றுவது இன்ஜினைத் தூசியிலிருந்து காக்கும். போன மைலேஜைக் கொண்டு வராது.

வால்வை மாட்டிய பிறகு, ஒரே பங்கில் ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, மீண்டும் அதே இடத்தில் அதே முறையில் நிரப்பிக் கணக்கிடுங்கள். இப்படி மூன்று முறை எடுத்த சராசரியை, டயருக்காக 6.5 சதவீதம் கூட்டிக்கொண்டு, எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அப்பா வைத்துவிட்டுப் போன 1996-ஆம் ஆண்டு 800 சிசி கார், கார்புரேட்டர் வண்டி. பெட்ரோல் வாசனை எப்போதும் வருகிறது. மைலேஜ் 10 கூட இல்லை. விற்க மனமில்லை. என்ன செய்யலாம்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: விற்க வேண்டாம்; ஆனால் அந்த வாசனையின் காரணம் தெரியும் வரை வண்டியை ஓட்டவும் வேண்டாம். மைலேஜ் பிறகு, தீ விபத்து முதலில். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இன்றைய பெட்ரோலில் அவை உப்பியோ இறுகி வெடித்தோ கசியத் தொடங்குகின்றன. டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய் அத்தனையையும் எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். எத்தனால் பழைய டேங்கின் அழுக்கையும் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் ஃபில்டரைச் சில மாதங்களுக்கு அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

கசிவு வெளியே இல்லை என்றால் கார்புரேட்டருக்கு உள்ளே இருக்கிறது. மிதவையை ஒட்டிய ஊசி வால்வு தேய்ந்துபோனால் பெட்ரோல் நிற்க வேண்டிய மட்டத்தைத் தாண்டி வழியும். வாசனை, கருத்த பிளக், குறைந்த மைலேஜ் மூன்றும் ஒன்றாக வரும். அடுத்ததாக சோக், அதாவது குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் அமைப்பு. உள்ளே இருக்கும் குமிழை முழுதாகத் தள்ளிய பிறகும் கேபிள் துருப்பிடித்து, கார்புரேட்டரின் வாயில் உள்ள தகடு பாதி மூடியே நிற்பது பழைய வண்டிகளில் சாதாரணம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, ஒருவர் சோக்கை இழுத்துவிட, மற்றொருவர் அந்தத் தகடு நேராக நிமிர்கிறதா என்று பார்த்தாலே போதும்.

மேலே தஞ்சாவூர் வாசகருக்கு ஏர் ஃபில்டர் பற்றிச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. கார்புரேட்டரில் கணினி கிடையாது. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடிவிடும். ஃபில்டரைப் புதிதாகவே வைத்திருங்கள். யாராவது பெரிய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகம்) போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எத்தனால் பெட்ரோலில் வண்டி திணறுகிறது என்று ஜெட்டின் துளையைப் பெரிதாக்கிவிடும் வழக்கம் உண்டு. ஒரு முறை கம்பி விட்டுக் குடைந்த ஜெட்டை மீண்டும் சரியாக்க முடியாது, புதிதுதான் போட வேண்டும். கார்புரேட்டர் வேலை தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் இன்னும் உங்கள் ஊர்ப் பக்கங்களில் இருப்பார்கள். பையன்களிடம் கொடுக்காமல் அவர்களைத் தேடிப் போங்கள்.

கேள்வி: பெட்ரோல் பங்கில் அளவு குறைத்துப் போடுவதால்தான் மைலேஜ் குறைகிறதோ என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது? வெயில் ஏறுவதற்கு முன் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்குமா? (சேலம் வாசகர்)

பதில்: ஒவ்வொரு பங்கிலும் எடையளவுத் துறையின் முத்திரை பெற்ற ஐந்து லிட்டர் அளவுக் கலம் வைத்திருக்க வேண்டும், உங்கள் முன்னால் அதில் பிடித்துக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரை கூடுதல் குறைவு அனுமதிக்கப்படுகிறது. அது அரை சதவீதம்தான். தரத்தில் சந்தேகம் இருந்தால் வடிதாள் சோதனையும் கேட்கலாம்: ஒரு சொட்டுப் பெட்ரோல் தாளில் கறை வைக்காமல் ஆவியாகிவிட வேண்டும். இரண்டு வெவ்வேறு பங்குகளில் மும்மூன்று முறை டேங்கை நிரப்பிக் கணக்கெடுத்தும் ஒரே மைலேஜ்தான் வருகிறது என்றால் சந்தேகத்தை வண்டியின் பக்கம் திருப்புங்கள். காலையில் போடுவதால் பயன் எதுவும் இல்லை. பெட்ரோல் நிலத்தடித் தொட்டியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் நண்பகலுக்கும் இடையே வெப்பம் மிகக் குறைவாகவே மாறும்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் காந்தம் பொருத்தினால் 20 சதவீதம் மிச்சமாகும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். இப்படிப்பட்ட கருவிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் கருவி எதையும் அது கண்டதில்லை. அந்தப் பணத்தில் நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்து, வீல் அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள். காற்றின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நான்கு டயரிலும் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அலகு) குறைந்தால் ஏறத்தாழ 0.2 சதவீதம் மைலேஜ் போகும். பத்து குறைந்திருந்தால் இரண்டு சதவீதம்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். 2012-ஆம் ஆண்டு கார். கோவிலுக்கும் கடைக்கும் மட்டும், வாரம் இரண்டு முறை, நான்கைந்து கிலோமீட்டர் எடுப்பேன். மைலேஜ் 9. சர்வீஸ் சரியாகச் செய்கிறேன். வண்டியில் என்ன கோளாறு? (சென்னை, மயிலாப்பூர் வாசகர்)

பதில்: ஐயா, கோளாறே இல்லாமலும் இருக்கலாம். நான்கு கிலோமீட்டரில் இன்ஜின் முழுச் சூடு அடைவதற்குள் நீங்கள் இறங்கிவிடுகிறீர்கள். பயணம் முழுவதும் கூடுதல் பெட்ரோலில்தான் நடக்கிறது. மாட வீதிகளில் ஏசி போட்டு நிற்கும் நேரத்தில், ஒரு மீட்டர்கூட நகராமல், மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரியும். மாதம் ஒரு முறை நெடுஞ்சாலையில் 40, 50 கிலோமீட்டர் ஓட்டி, அப்போது தனியாகக் கணக்கெடுத்துப் பாருங்கள். அங்கே 15-ஐ ஒட்டி வந்தால் வண்டி நலமாக இருக்கிறது.

வராவிட்டால் பிரேக்கைப் பாருங்கள். நாள்கணக்கில் நிற்கும் வண்டியில், அதுவும் கடற்கரைக் காற்று படும் இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வைத்திருந்தால் பின்சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முன்சக்கர பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரும், அதன் கம்பி துருவேறி, முழுதாக விலகாது. சமதளமான இடத்தில் மெதுவாகப் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். வண்டி தானாக உருண்டு போகாமல் விரைவில் நின்றுவிட்டால் சக்கரம் பிடிக்கிறது. சிறிது தூரம் ஓட்டிய பிறகு இறங்கி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம்) ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனல் வீசுவது தெரியும். மெக்கானிக்கிடம் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் சமதளத்தில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும்.